கட்டைவிரல்

ஜூன் 3
அக்காவின் எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. எல்4-எல்5 டிஸ்க், அதாவது இடுப்பு முதுகெலும்பில் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவில் உள்ள மெத்தை, இடப்பக்கம், காலுக்குப் போகும் எல்5 நரம்பு வேரை நெருக்குகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "ஜவ்வு விலகிடுச்சாமே" என்கிறார்கள். விலகவில்லை. டிஸ்க் மேலும் கீழும் எலும்போடு ஒட்டியிருப்பது, எங்கே விலகும்? வெளிநார் வளையம் பின்பக்கம் கிழிந்து உள்ளே இருந்த கூழ் பிதுங்கியிருக்கிறது. அந்த ஒரு சொல்லைக் கேட்டுத்தான் அக்கா எழுந்து நடக்கவே பயப்படுகிறாள்.

ஜூன் 4
இரண்டு கால் கட்டைவிரலையும் நிமிர்த்தச் சொல்லி மேலிருந்து அழுத்தினேன். வலது எதிர்த்து நின்றது. இடது மடங்கிவிட்டது. கட்டைவிரலை நிமிர்த்துவது அந்த எல்5 நரம்புதான், அதனால் வலியைவிட இதுதான் உறுத்துகிறது. இன்னும் தளர்ந்தாலோ, நடக்கும்போது பாதம் தொங்கினாலோ காத்திருக்கக் கூடாது.

ஜூன் 5
சிறுநீர் தடையில்லாமல் போகிறது. உட்காரும் இடம் மரத்துப்போகவில்லை. கூச்சப்பட்டாலும் தினமும் கேட்பேன். சிறுநீர் தடைபட்டாலோ, அங்கே மரத்துப்போனாலோ கீழே இறங்கும் நரம்புக்கொத்தே நெருக்கப்படுகிறது என்று அர்த்தம், அந்த நேரமே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

ஜூன் 8
காலையிலேயே குனிந்து வாளியைத் தூக்கியிருக்கிறாள்! எத்தனை முறை சொல்வது. படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பும். காலையில் எல்லோருமே ஒரு செ.மீ. கூடுதல் உயரமாக எழுவது அதனால்தான். அந்த உப்பலோடு குனிந்தால் கிழிந்த பின்பக்கத்துக்கே அழுத்தம் போகிறது. எழுந்ததும் ஒரு மணி நேரம் குனியவே வேண்டாம். பல் தேய்க்கும்போதுகூட ஒரு கை வாஷ்பேசினில் ஊன்றியிருக்கட்டும்.

ஜூன் 11
பாயில் குப்புறப் படுக்க வைத்து 2 நிமிடம். முழங்கை ஊன்றி 2 நிமிடம். பிறகு உள்ளங்கையை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்துவது, 10 முறை. இடுப்பு பாயிலேயே கிடக்க வேண்டும், பிட்டத்தை இறுக்கக் கூடாது. பாதம்வரை இருந்த வலி தொடையோடு நின்றுவிட்டது, இடுப்பில் கூடியிருக்கிறது. அக்காவுக்கு அழுகை, எனக்கோ நிம்மதி. வலி எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் கணக்கு. மேலே ஏறினால் நல்லது, காலுக்குள் இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். 1956-ல் நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டின் நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்து, கால்வலி போய் எழுந்தார். அதிலிருந்து வந்த முறை இது.

ஜூன் 12
கட்டைவிரல் அப்படியேதான்.

ஜூன் 16
யாரோ சிட்-அப், மல்லாந்து படுத்து எழும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது வேண்டவே வேண்டாம், அதுவும் குனிவதுதான். அதற்குப் பதில் கையும் முழங்காலும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டி 10 நொடி, பிறகு மாற்றி. இடுப்பின்மேல் தண்ணீர் டம்ளர் வைத்தால் சிந்தக் கூடாது. மூன்றாம் முறையே இடுப்பு சாய்ந்தது. அங்கேயே நிறுத்தினேன்.

ஜூன் 19
சிறுநீர் சரி. வலி பிட்டத்தில்தான். கட்டைவிரல் இன்று கொஞ்சம் எதிர்த்தது போல இருந்தது. அல்லது என் கைதான் லேசாக அழுத்தியதா? நாளைக்கு இரண்டு காலையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும்.