‘பேசிவிட்டுச் சொல்கிறோம்’ என்று மெயில் வந்தால்

‘உங்கள் ப்ரொஃபைல் நன்றாக இருக்கிறது. இன்டர்னலாகப் பேசிவிட்டுத் தெரியப்படுத்துகிறோம்.’ சித்தி மகனுக்கு வந்த மெயில் இவ்வளவுதான். “அக்கா, வேலை கிடைச்ச மாதிரியா, இல்லையா?” என்று கேட்கிறான். சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் ஆளெடுக்கும் பிரிவில் இருந்தபோது இதே வரியை நானும் நிறைய பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அது டெம்ப்ளேட். எல்லாருக்கும் போகும். அதற்குப் பிறகு உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று) கேட்டார்களா? உங்களுக்கு எவ்வளவு சம்பளம் தரலாம் என்று கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வேலையை எல்லாருக்கும் செய்ய மாட்டோம். எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய கம்பெனியில் இருக்க வேண்டிய நாட்கள்) எல்லாம் முதல் போனிலேயே கேட்பவை. அதை வைத்து ஆசை வளர்க்க வேண்டாம். இன்டர்வியூ முடிந்த பிறகு, ‘கொஞ்சம் முன்னாடியே ரிலீவ் ஆக முடியுமா?’ என்று மறுபடி கேட்டால் மட்டும் விஷயம் வேறு.

எதுவுமே கேட்காமல் இழுத்தால், பெரும்பாலும் நீங்கள் இரண்டாவது ஆள். ஐடியில் 90 நாள் நோட்டீஸ் சாதாரணம். ஆஃபர் வாங்கியவர் அந்த மூன்று மாதத்தில் வேறு ஆஃபரும் வாங்கிக்கொண்டு, சேர வேண்டிய நாளில் போனை எடுக்காமல் போய்விடுவார். அந்தப் பயத்தில்தான் இன்னொருவரை ‘இல்லை’ என்று சொல்லாமல் வைத்திருப்பது. பிப்ரவரி, மார்ச் என்றால் இன்னொன்றும் சேரும்: ஏப்ரலில் கம்பெனியின் புது பட்ஜெட் வரும்வரை ஆளெடுக்கும் அப்ரூவல் நின்றுவிடும். இன்டர்வியூ எடுத்த மேனேஜருக்கே பதில் தெரியாது.

கம்பெனிக்கு இது வசதி. அந்தப் பக்கம் ஒருவன் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறான். எனக்கு இது இன்றும் பொறுக்கவில்லை. ‘வேறொருவருக்கு ஆஃபர் கொடுத்திருக்கிறோம், அவர் வராவிட்டால் கூப்பிடுகிறோம்’ என்று எழுத ஒரு நிமிஷம் ஆகுமா?

அவனை ஒரு மெயில் போடச் சொன்னேன். இதுதான் கடைசி ரவுண்டா, முடிவு எந்தத் தேதிக்குள் தெரியும், என் நோட்டீஸ் 90 நாள். அவ்வளவே. கெஞ்ச வேண்டாம், இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லவும் வேண்டாம். தேதி போட்டுப் பதில் வந்தால் அதுவரை காத்திருக்கலாம். ‘ப்ராசஸில் இருக்கிறது’ என்றே திரும்ப வந்தால் அந்தக் கம்பெனியை மறந்துவிட வேண்டியதுதான். ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் இப்போதைய வேலையில் பேப்பர் (ராஜினாமா) மட்டும் போட்டுவிடாதே என்றும் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை கோயம்புத்தூரில் அவனுக்கு இன்னொரு இன்டர்வியூ. டிக்கெட் எடுத்துவிட்டான்.