ரிவெட் கழன்றது, தகடு பிழைத்தது

காரைக்குடியில் எங்கள் விமான அருங்காட்சியகத்துக்காகச் சீர்செய்துவரும் விமானத்தின் இறக்கை மேல்தகடு ஒருவழியாகச் சேதமில்லாமல் கழன்றுவிட்டது. ஆச்சி தம் வீட்டில் ஒதுக்கித் தந்த இரண்டாங்கட்டில், அதாவது உள்முற்றப் பகுதியில், பாய் விரித்து அதைக் கிடத்தியிருக்கிறோம். துளை ஒன்றுகூட அகலவில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ரிவெட் என்பது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும், தலையும் தண்டும் கொண்ட உலோக ஆணி; தலையைக் குடைந்து உடைத்துத்தான் அதை எடுக்க வேண்டும். எங்களைப் படுத்தியெடுத்தது முதல் புள்ளி. ரிவெட் தலையின் நடுவில் ஒரு சிறு குழி உண்டு. எந்தக் கலவை என்று காட்டும் அடையாளம் அது. துளைமுனை அதில் உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அடுக்கடுக்காகப் பூசிய பெயின்ட் குழியை மூடியிருந்தது. அதன்மேல் முனையை வைத்தால் வழுக்கிப்போய்த் தகட்டைக் கீறும். பெயின்டைக் கரைத்து, ஒவ்வொரு குழியையும் மூங்கில் குச்சியால் நோண்டி எடுத்தோம். மின் துளைப்பானை மூலையில் வைத்துவிட்டுக் கையால் சுற்றும் துளைப்பானுக்கு மாறினோம். தண்டின் தடிமன் 3.2 மி.மீ.; முனையும் அதே அளவு. தலையின் உயரத்துக்குமேல் இறங்காதபடி லேத் பட்டறை அண்ணன் ஒரு பித்தளை வளையம் கடைந்து முனையில் மாட்டித் தந்தார். அந்த வளையத்துக்கு ஈடு எதுவும் இல்லை! பிறகு 'பின் பஞ்ச்' என்னும் மெல்லிய எஃகுக் கம்பியைத் துளையில் நுழைத்துச் சற்றே சாய்த்தால் தலை 'டக்'கென்று உடையும். பின்னால் இரும்புக்கட்டையை அண்டக்கொடுத்துத் தட்டினால் தண்டு விழும்.

உள்ளே, எஃகுத் திருகாணி அலுமினியத்தைத் தொட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடி. இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அதுவே ஒரு மின்கலம், அலுமினியம்தான் கரையும். காரைக்குடியில் இதற்கு ஆலோசனை கேட்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் தந்து, 1953-ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. அங்கே ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் சனிக்கிழமைதோறும் வருகிறார். தகடுகள் சேரும் இடத்தில் அரிப்பைத் தடுக்கும் துத்தநாகக் குரோமேட் பூசச் சொன்னார்; முகக்கவசம் இல்லாமல் டப்பாவைத் திறக்கவே விடமாட்டார். அந்தப் பூச்சை அனுப்ப வேண்டிய வியாபாரியோ 'நாளை, நாளை' என்றே இழுத்தடிக்கிறார்.

இந்த ஊரில் எதற்கு விமான அருங்காட்சியகம் என்று இன்னும் கேட்கிறார்கள். கோட்டையூரில் பிறந்த அதே அழகப்பர்தான் விமானம் ஓட்டக் கற்று உரிமம் வாங்கியவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தை நடத்தியவர். உலகப்போர்க்கால ஓடுபாதையும் செட்டிநாட்டில் கிடக்கிறது. வேறென்ன காரணம் வேண்டும்?

இறக்கைக்குள் தகட்டைத் தாங்கும் சட்டங்களான விலா எலும்புகளைச் சுத்தம் செய்வது பாக்கி. அதற்குள் மனம் ஜூபிடர் ஏர்வேஸ் நினைவுகளை மாட்டப்போகும் சுவருக்குத் தாவிவிட்டது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சொல்லிவைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் அந்தக் காலத்து டிக்கெட்டோ, புகைப்படமோ, பெட்டியில் ஒட்டிய சீட்டோ இருந்தால் கொண்டுவாருங்கள். நகலெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம்.