ஸ்டெஃபானின் ஐவர்: கந்தக ஃபில்டரில் சிக்கும் ஹைட்ரஜன்

பெகாசஸ் மண்டலத்தில் என்.ஜி.சி. 7331 என்ற கேலக்ஸியைப் பிடித்து, அரை டிகிரி தென்மேற்கே நகர்ந்தால் ஸ்டெஃபானின் ஐவர். 1877-இல் மார்செய் வானாய்வகத்தில் எத்வார் ஸ்டெஃபான் கண்டறிந்த, ஐந்து கேலக்ஸிகள் கொண்ட குழு. செப்டம்பர் தொடக்கத்தில் நள்ளிரவையொட்டி உச்சத்துக்கு வரும்.

கண்ணால் பார்க்க இருண்ட வானம், 10 அங்குலத் தொலைநோக்கி, 150 மடங்குக்கு மேல் உருப்பெருக்கம் வேண்டும். குறைத்தால் குழுவிலுள்ள என்.ஜி.சி. 7318ஏ, 7318பி இரண்டும் ஒரே தீற்றலாகிவிடும்.

படத்துக்கு 1000 மி.மீ. குவியத்தூரமும் 3.76 மைக்ரான் பிக்சலும் என்றால், பிக்சலுக்கு 0.78 ஆர்க்செகண்ட். மொத்தக் குழுவே 300 பிக்சலுக்குள் அடங்கிவிடும், அதனால் காற்று அலையும் இரவில் எடுத்த பிரேம்களைத் தயங்காமல் கழித்துவிடுங்கள்.

பலர் சறுக்குவது எச்-ஆல்ஃபாவில், அதாவது ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு ஒளிக்கோட்டில். 7320 மட்டும் சுமார் 4 கோடி ஒளியாண்டில் முன்னால் நிற்கிறது. மற்ற நான்கும் ஏறத்தாழ 29 கோடி. அவை விலகும் வேகத்தால் 656.3 நானோமீட்டர் கோடு 671-க்கு அருகே நகர்ந்துவிடுகிறது. வழக்கமான 7 நானோமீட்டர் எச்-ஆல்ஃபா ஃபில்டரில் 7320 மட்டுமே சிவக்கும். கேலக்ஸிகளின் மோதலில் கொதிக்கும் ஹைட்ரஜனைப் பிடிக்க, கந்தகத்தின் ஒளிக்கென 672-ஐ மையமாகக் கொண்ட கந்தக ஃபில்டரைப் போடுங்கள். எவ்வளவு அழகான பொருத்தம்!

மென்பொருளில் படத்தின் பின்னணி வெளிச்சச் சாய்வை நீக்கும்போது மாதிரிப் புள்ளி எதையும் 7319-இலிருந்து நீளும் மங்கலான வால்மேல் வைக்காதீர்கள். மென்பொருள் அதை வான ஒளி என்று எண்ணித் துடைத்துவிடும்.