பதினொரு நிமிடம்

சீனியர் வக்கீலிடம் சேர்ந்த இரண்டாவது வருடம், செஷன்ஸ் கோர்ட்டில் ஒரு 302, அதாவது கொலை வழக்கு. தம்பி அண்ணனை வெட்டிவிட்டான். டீக்கடையில் நாலு பேர் முன்னால் அண்ணன் தம்பியின் மனைவியைக் கேவலமாகப் பேச, இவன் எழுந்து வீட்டுக்குப் போய் அரிவாளோடு திரும்பியிருக்கிறான். அந்தப் போய்வந்த நேரம்தான் மொத்த வழக்கும்.

கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலால் நிதானம் இழந்து, ஆத்திரமூட்டியவரையே கொன்றால் அது கொலையாகாது, தண்டனை குறைவான 304-க்கு இறங்கும் என்கிறது தண்டனைச் சட்டம் 300-வது பிரிவின் முதல் விதிவிலக்கு. (இப்போது நியாய சன்ஹிதாவில் 101.) விடுதலை கிடைக்காது. ஆனால் 302 என்றால் ஆயுளுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கே வழியில்லை.

போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய மகசரில் வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய் வாட்சைப் பார்த்தபடி நடந்தேன். போய்வரப் பதினொரு நிமிடம். சீனியர் கேஸ் கட்டைப் படிப்பதிலிருந்து நிமிரவில்லை. "நீ நிழல் பார்த்து நடந்திருப்பே. அவன் ஓடியிருப்பான்டா. சரி, பதினொண்ணுன்னே வெச்சுக்கோ. அதை யார்கிட்டச் சொல்லப் போறே? அரசு வக்கீல்கிட்டயா?"

நானாவதி தீர்ப்பை நீட்டினேன். 1959, பம்பாய். ஆஹுஜாவோடு தனக்கிருந்த உறவை மனைவி சொன்னதும், நானாவதி என்ற அந்தக் கடற்படை அதிகாரி குடும்பத்தை சினிமாவில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய் ரிவால்வர் வாங்கி, ஆஹுஜா வீட்டுக்குப் போய் அவரைச் சுட்டுக் கொன்றார். நடுவில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். கோபம் ஆற அது போதும் என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இறந்தவரின் முந்தைய செயல்கள் உண்டாக்கிய மனநிலையையும் பார்க்கலாம் என்று அதே தீர்ப்பில் ஒரு வரி உண்டு. சீனியர் அதைப் பென்சிலால் கோடிட்டார். கூடவே, 1989-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு: கணவன் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்துவிட்ட தாய். நல்லதங்காளை நினைவுகூர்ந்த நீதிமன்றம், சட்டத்தில் எழுதியிராத நீடித்த ஆத்திரமூட்டலையும் ஏற்றுக்கொண்டது.

சிக்கல் கட்சிக்காரனிடம் இருந்தது. "நான் செய்யலைன்னே சொல்லுங்க சார்" என்றான். விதிவிலக்கைக் காட்டும் பொறுப்போ எங்கள் தலையில். அவன் வாயைத் திறக்காமல் அதை அரசுத் தரப்புச் சாட்சியிடமிருந்தே வாங்க வேண்டும். அந்தச் சாட்சி, இருவரையும் பெற்றவள்.

குறுக்கு விசாரணையில் சீனியர் மூன்றே கேள்விதான் கேட்டார். மூன்றாவதற்கு அந்த அம்மா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவன் சோத்துத் தட்டைப் பெரியவன் எத்தனை தடவை எத்தியிருக்கான்னு எண்ண முடியுமாய்யா?" என்றாள். சீனியர் உட்கார்ந்துவிட்டார். நானாயிருந்தால் இன்னொரு கேள்வி கேட்டுக் கெடுத்திருப்பேன்.

304 முதல் பகுதி, ஏழு வருடம். வராந்தாவில் அந்த அம்மா என்னை நிறுத்தி, "தம்பி, எப்போ வருவான்?" என்றாள். ரிமாண்டில் இருந்த நாட்களைக் கழித்து, விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அவளும் தன் விரல்களில் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.