ஒரு தாழ்வாரம், பாதி திறந்த கதவு: திகில் காட்சிக் குறிப்புகள்

மார்ச் 4

தாழ்வாரத்தின் கடைசியில் பாதி திறந்த கதவு. ஒரு பெண் அதை நோக்கி நடக்கிறாள். காட்சி இவ்வளவுதான்.

லென்ஸ் முதலில். 85 மி.மீ. போட்டால் கதவு அவள் பக்கத்திலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். 24 போட்டால் தாழ்வாரம் நீளும், கதவு தள்ளிப்போகும். அவள் நடந்து சேர வேண்டிய தூரம்தான் இங்கே பயம், அதனால் 24. கேமரா கண் மட்டத்தில் வேண்டாம். இடுப்பு உயரத்துக்கு இறக்கினால், பார்ப்பது யார் என்ற கேள்வி தானாக எழும்.

ட்ராலி 3 மீட்டர் தூரத்தை 20 நொடியில் கடக்க வேண்டும். நொடிக்கு 15 செ.மீ. கேமரா நகர்வது தெரியக் கூடாது. சுவரின் ஓரங்கள் மெல்ல ஃப்ரேமை விட்டு நழுவுவது மட்டும் உறைக்க வேண்டும். தொல்லை என்னவென்றால், வேகமான ஷாட்டில் தெரியாமல் போகும் ட்ராக் இணைப்பின் பிசிறு இந்த வேகத்தில் அப்படியே திரையில் குலுங்கும். ஆப்பு வைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் ரசமட்டம் பார்த்த பிறகே ரிகர்சல்.

மார்ச் 5

இருட்டு வேண்டும் என்று வெளிச்சத்தைக் குறைத்தே எடுத்துவிடுகிறார்கள். பிறகு டி.ஐ.-யில், அதாவது எடுத்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கணினியில் சரிசெய்யும் கட்டத்தில், கொஞ்சம் தூக்கினால் கறுப்பு முழுக்கக் கொசு மொய்த்த மாதிரி நாய்ஸ். தேவைக்கு ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு வெளிச்சம்) அதிகமாக எடுத்து, பின்னால் இறக்குவதே சரி.

கதவிடுக்கில் முழுக் கறுப்பு வைத்தால் அது இன்னொரு சுவர்தான். அறைக்குள் தள்ளி ஒரு நாற்காலி, அதன் முதுகு விளிம்பு மட்டும் தெரிகிற அளவுக்கு டிம்மரில் ஒரு பேக்லைட். அது நாற்காலிதானா என்று பார்ப்பவர் கண் தேட ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவளை ஃப்ரேமின் இடது மூன்றில் ஒரு பங்கில் நிறுத்தி, மீதியைக் காலியாக விட வேண்டும். அவள் ஃப்ரேமை விட்டுப் போன பிறகும் 4 நொடி கட் செய்யக் கூடாது. எடிட்டருக்குக் கை துறுதுறுக்கும், பொறுக்கத்தான் வேண்டும்.

மார்ச் 6

கேமராவைச் சாய்த்து எடுப்பது: படம் முழுக்கச் சாய்த்தால் சாய்வே நேராகிவிடும். ஒரே ஒரு ஷாட், 10 டிகிரிக்குள்.

மார்ச் 9

நிசப்தத்தைத் தயாரிக்க வேண்டும். ஒலி டிராக்கை வெறுமையாக விட்டால் வராது. ஒலியே இல்லாத இடத்தில் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்றுதான் ஆட்களுக்குத் தோன்றும். அதே அறையில், ஷூட்டிங் முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்க வைத்து 60 நொடி ரூம் டோன், அதாவது அந்த அறையின் வெற்று ஒலி, பதிவு செய்ய வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். டப்பிங் நேரத்தில் தேடினால் கிடைக்காது.

அதன்மேல் மூன்று லேயர்: ஃப்ரிட்ஜின் ரீங்காரம், கடிகாரம், வெளியே சுவர்க்கோழி. அவள் நடக்கத் தொடங்கும்போது மூன்றும் இருக்கும். 10-வது நொடியில் ஃப்ரிட்ஜ் தானாக நிற்பதுபோல் நிற்கட்டும். அடுத்த 15 நொடியில் கடிகாரம் படிப்படியாகக் கரையட்டும். சுவர்க்கோழியை மட்டும் கரைக்கக் கூடாது. கத்தியால் வெட்டியதுபோல் நிறுத்த வேண்டும். பூச்சி சட்டென்று ஓய்ந்தால் பக்கத்தில் ஏதோ நடமாடுகிறது என்று அர்த்தம். அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மார்ச் 11

திடுக்கிட வைக்கும் அடி, அதாவது சட்டென விழும் ஒலி. நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 42 மில்லி நொடி. ஒலி படத்தோடு ஒன்றாக விழலாம், ஒரு ஃப்ரேம் முந்தலாம், பிந்தினால் சிரிப்புதான். அதைவிட முக்கியம், அடிக்கு முந்தைய 2 நொடியில் ரீ-ரெக்கார்டிங் (பின்னணி இசை) ஏறக் கூடாது. வயலின் ஏறினாலே பார்வையாளர் காதைப் பொத்தத் தயாராகிவிடுவார்.

இந்த உத்திக்கு மூலம் 1942-இல் வந்த ‘கேட் பீப்பிள்’. இரவில் தெருவில் தனியாக ஒரு பெண், யாரோ பின்தொடர்கிறார்கள். பாய்ச்சலை எதிர்பார்க்கும் நொடியில் சீறலோடு ஃப்ரேமுக்குள் நுழைவது ஒரு பேருந்து. தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இதை ‘லூட்டன் பஸ்’ என்றே சொல்கிறார்கள். பேய் வரவே இல்லை, ஆனாலும் தூக்கிவாரிப்போடும். ஒரு படத்தில் ஒரு தடவை இதைச் செய்யலாம். மூன்றாவது தடவை செய்தால் அது மோசடி.

மார்ச் 12

30 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான உறுமல் தியேட்டரில் நெஞ்சுக்குள் இறங்கும். 40 நொடியில் மெல்ல ஏற்றினால் அது இருப்பதே தெரியாது. சட்டென்று எடுத்தால்தான் உடம்பு கவனிக்கும். ஆக, ஏற்றுவதே எடுப்பதற்காகத்தான். போன் ஸ்பீக்கரில் இதெல்லாம் காற்றோடு போகும். போனுக்கான மிக்ஸில் (ஒலிக்கலவையில்) அதே உறுமலுக்கு லேசாக சாச்சுரேஷன் கொடுத்து, அதாவது ஒலியைக் கொஞ்சம் சிதைத்து, மேல் ஹார்மோனிக்ஸ் (அதே ஒலியின் மடங்கு அதிர்வெண்கள்) கேட்கும்படி செய்ய வேண்டும்.

இன்னொன்று: தியேட்டர் மிக்ஸில் நிசப்தத்துக்கும் அடிக்கும் 40 டெசிபல் இடைவெளி வைக்கலாம். போனில் அதையே வைத்தால், முணுமுணுப்புக்காக ஒலியைக் கூட்டி வைத்தவர் அடுத்த நொடி இயர்போனைப் பிடுங்கி எறிவார். அது பயம் இல்லை, காதுவலி.

மார்ச் 15

கேமராவும் ஒலியும் ஒரே கையாக வேலை செய்வதைப் பார்க்க, 1980-இன் ‘தி ஷைனிங்’. ஹோட்டல் தாழ்வாரங்களில் சிறுவன் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறான். ஒளிப்பதிவுக் கலைஞர் கேரட் பிரவுனின் ஸ்டெடிகேம் (குலுக்கலை உறிஞ்சும் கேமரா தாங்கி) தரையை ஒட்டியே துரத்துகிறது. மரத்தரையில் சக்கரம் கடகடக்கும். கம்பளத்தில் ஏறினால் சட்டென அடங்கும். இப்படி மாறி மாறி. இசை இருக்கட்டும், அந்தச் சக்கரம் ஒன்றே போதும்.

நம் தாழ்வாரத்திலும் செய்யலாம்: வெறுங்கால், பாதித் தூரம் சிமெண்ட், மீதி பாய். ஃபோலியில் (காலடி போன்ற ஒலிகளை ஸ்டுடியோவில் செய்து பதிவதில்) இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

மூச்சொலியைப் பின் ஸ்பீக்கரில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கூர்மையான ஒலி பின்னால் வந்தால் ஆட்கள் திரும்பி, வெளியேறும் வழியின் சிவப்பு விளக்கைப் பார்ப்பார்கள், படம் அறுந்துவிடும். பின்னால் ரூம் டோன் மட்டும் ஓடட்டும். அவள் திரும்பிப் பார்க்கும் ஷாட்டில் அதையும் அணைத்துவிட்டு, மூச்சை நடு ஸ்பீக்கரில், அவள் முகத்தின் மேலேயே வைக்க வேண்டும்.