வாந்தி என்று போய் ஸ்டீராய்டு கேட்ட கதை

எனக்கு இருப்பது அடிசன் நோய். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் எனக்கு, காய்ச்சல் மாதிரி நேரத்தில் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் கார்டிசாலும் சுரக்காது, உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டிரோனும் சுரக்காது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு அனுப்பும் மண்டியில் வேலை பார்க்கிறேன். உதடு, ஈறு, உள்ளங்கை ரேகை எல்லாம் கறுத்தபோது, "வெயில்ல நின்னா கறுக்காம என்ன செய்யும்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் பெங்களூரில்தான் கண்டுபிடித்தார்கள். அவற்றுக்கு ஈடாக ஹைட்ரோகார்டிசோன், ஃப்ளூட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு.

மாத்திரை ஒழுங்காகப் போனால் ஒரு தொந்தரவும் இல்லை. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோனை இரண்டு, மூன்று மடங்காக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாந்தி வந்தால்தான் வம்பு. மாத்திரை உள்ளே நிற்காது, ஊசிதான் போட வேண்டும். தாமதித்தால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து.

போன மாங்காய் சீசனில் அதுதான் நடந்தது. வாந்தி, பேதி, காய்ச்சல். பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்குப் பேச நா எழவில்லை. பிரஷர் 70/40. "இவருக்கு அடிசன் நோய் சார்" என்றாள் மனைவி. டியூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். "ஃபுட் பாய்சன்தாம்மா, ட்ரிப்ஸ் ஏத்தினா சரியாயிடும்" என்று வாந்திக்கு ஊசியும் ஒரு பாட்டில் சலைனும் எழுதினார். ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லிக் கேட்டதும் முகம் மாறியது. "காய்ச்சல் இருக்கு, கிருமி இருக்கிறப்போ ஸ்டீராய்டு போட்டா ஆபத்து. அதெல்லாம் நீங்க சொல்லக் கூடாது."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. புத்தகத்தில் படித்திருப்பார், இந்த நோயோடு ஒரு ஆளை நேரில் பார்த்திருக்க மாட்டார்.

மச்சான் வந்துதான் பேச்சை மாற்றினான். நோயின் பேரையே எடுக்கவில்லை. "சார், மாமா வருஷக்கணக்கா தினமும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறவர். நேத்து மதியத்துலேர்ந்து ஒரு மாத்திரைகூட உள்ள நிக்கல. அப்படியே நின்னுபோச்சு" என்றான். தினமும் எடுக்கும் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பது தெரியாத டாக்டர் கிடையாது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து மனைவி ஃபைலை நீட்டினாள். 'ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் உடனே நரம்பில், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம்' என்று பெங்களூர் டாக்டர் கையெழுத்தோடு முதல் பக்கத்திலேயே இருந்தது. "இது வீசிங் வந்தா போடுற ஊசிதானே சார், இங்கேயே இருக்கு" என்றார் சிஸ்டர். கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்திருக்கிறது!

ஊசி போட்டு, சலைனை வேகமாக ஓட விட்டார்கள். பிறகு வந்த ரத்த ரிப்போர்ட்டில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். விடிவதற்குள் நானே எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டேனாம். மறுநாள் முழுக்க ட்ரிப்ஸில் அதே மருந்து 200 மில்லிகிராம் போனது.

அப்புறம் வீட்டில் சில ஏற்பாடுகள் செய்தோம். அந்த முதல் பக்கத்தை லேமினேட் செய்து பர்ஸில் ஆதாருக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மண்டி முதலாளியிடமும் ஒன்று இருக்கிறது, பகலில் விழுந்தால் அவர்தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும். பையில் ஒரு ஊசி மருந்தும் சிரிஞ்சும் எப்போதும் உண்டு. தூளாக இருக்கும், கலக்கித் தசையிலும் போடலாம். மனைவி போடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். போட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. 108இல் ஏறினால் வண்டியிலேயே ஸ்டீராய்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றும் பேசி வைத்திருக்கிறோம்.

வாதாடும் வேலை மட்டும் மச்சானுக்கு. மனைவி பயத்தில் அழுதுவிடுவாள், நான் அந்த நேரத்தில் நினைவோடு இருப்பேனா என்பதே சந்தேகம். அவன் குரலை உயர்த்தாமல் அதே இரண்டு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வான். அதற்கும் மசியாவிட்டால் பெங்களூர் டாக்டருக்கு போன் போட்டு, "நீங்களே பேசுங்க சார்" என்று கையில் கொடுத்துவிடுவான்.