அந்த மூடியை யாரும் எழுதவில்லை

எங்கள் குடியிருப்புக்கு இரவுக் காவலுக்கு வரும் அண்ணனுக்குப் போன மாதம் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. அறுபதைத் தொடும் வயது. கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கமிருந்து தினமும் சைக்கிளில்தான் வருவார். அன்றைக்கும் ரோட்டோரமாகத்தான் வந்திருக்கிறார். வழியில் ஒரு பாதாளச் சாக்கடை மூடி இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, அந்த மூடி நாலு விரல் ஆழத்துக்குக் கீழே போய்விட்டது. அதில் சக்கரம் இறங்கினால் ஹேண்டில் திரும்பிவிடும் என்று கொஞ்சம் வலப்பக்கம் ஒடித்திருக்கிறார், பின்னால் வந்த கார் தட்டிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "சைக்கிள்ல லைட் இருந்துச்சுங்களா?" என்றுதான். கார்க்காரர் நல்ல மனிதர், விட்டுவிட்டு ஓடாமல் அவரே ஆட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தார். ஆனால் புகார் எழுதும்போது சைக்கிள் திடீரென்று குறுக்கே வந்தது என்று அவர் சொன்னார், கார் வேகமாக வந்தது என்று அண்ணன் சொன்னார். இரண்டுமே உண்மைதான். அந்த மூடி மட்டும் எந்தத் தாளிலும் ஏறவில்லை. நான் எடுத்துச் சொன்னதற்கு, "அதெல்லாம் எதுக்குங்க" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

விபத்து நடந்த இடத்தில் கூடுகிற கூட்டத்துக்கு எப்போதும் ஒரே தீர்ப்புதான், தப்பு பெரிய வண்டிக்காரன் மேல். படித்தவர்கள் பலருக்கு இது அநியாயமாகப் படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி 50-க்குப் போனால் மோதும் ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது, அந்த அடியை வாங்குவது சைக்கிளில் இருக்கிறவரின் எலும்பு. யாரால் அதிகம் கெடுதல் செய்ய முடியுமோ அவருக்குத்தான் அதிகப் பொறுப்பு. நெதர்லாந்தில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். கார் மோதி 14 வயதுக்குக் கீழே உள்ள சைக்கிள் பிள்ளைக்கு அடிபட்டால், பிள்ளை மேல் தவறு இருந்தாலும் முழு நஷ்டஈடும் பொதுவாகக் கார் தரப்பிலிருந்துதான் போக வேண்டும்.

சரி, ஆனால் நஷ்டஈடு எலும்பு முறிந்த பிறகு வருகிற விஷயம். முறியாமல் பார்த்துக்கொள்வது யார் வேலை?

அப்பா மில்லில் இருந்தார். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் கேட்டைத் திறந்ததும் சைக்கிள்கள் ஆறு மாதிரி வெளியே வரும். பஸ்காரர் ஹாரன் அடித்தாலும் காத்துத்தான் நிற்க வேண்டும். அவர்களில் பலரிடம் விளக்கும் கிடையாது. அந்தக் கூட்டமே அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. இன்று இதே ஊரில் சைக்கிள் மிதிக்கிறவர்கள் தனித்தனியாகப் போகிறார்கள்: பவுண்டரிக்குப் போகும் வடமாநிலத் தம்பிகள், கேனில் டீ விற்கிறவர், பேப்பர் போடும் பையன், செக்யூரிட்டிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

இவர்களுக்கு ரோட்டை என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். கோவையில் சில வருடங்களாகப் பல சிக்னல்களை எடுத்துவிட்டு யு-டர்ன் வைத்திருக்கிறார்கள். கார் ஓட்டும்போது எனக்கே அது வசதி, நின்று காத்திருக்க வேண்டியதில்லை. சைக்கிளில் போய்ப் பாருங்கள். இடது ஓரத்தில் போகிறவர், ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸையும் லாரியையும் குறுக்கே தாண்டி வலது ஓரத்துக்கு வந்து, மீடியனை ஒட்டிக் காலூன்றி நின்று, எதிர்ப்பக்கம் இடைவெளி விழும்வரை காத்திருந்து, திரும்பி, மறுபடி அத்தனை வண்டிகளையும் தாண்டி இடது ஓரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சிக்னல் சிவப்பில் கிடைத்த அந்த அரை நிமிடம்தான் அவருக்கு ரோட்டில் கிடைத்த ஒரே பாதுகாப்பு, அதை எடுத்துவிட்டோம். அதனால்தான் பலர் எதிர்த்திசையில் வருகிறார்கள். அது தவறுதான், எதிரே வரும் பைக்காரரையும் சேர்த்துச் சாய்த்துவிடும், நானே அண்ணனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். "என்னங்க தம்பி பண்றது, அவ்வளவு தூரம் போய்ச் சுத்தி வர்றதுக்குள்ள டூட்டிக்கு நேரமாயிருது" என்பார்.

சைக்கிள்காரருக்கும் பொறுப்பு உண்டு. இரவில் முன்னும் பின்னும் விளக்கு, ஒழுங்கான பிரேக், காதில் இயர்போன் இல்லாமல் ஓட்டுவது, இதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. அந்த மூடி அவர் கையில் இல்லை.

சட்டம் இதை அறவே மறந்துவிடவும் இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சாலையை வடிவமைத்தவர், போட்டவர், பராமரிக்க வேண்டியவர் விதிப்படி செய்யாமல் விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அஜாக்கிரதையாக ஓட்டி உயிரைப் பறித்த டிரைவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை, பள்ளத்தை விட்டு வைத்தவருக்கு அதிகபட்சம் ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தைக் கேட்பதற்குக்கூட முதலில் மூடி தாளில் ஏற வேண்டும். 2022-ல் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள், பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகம் காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. வேகம் கொல்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் எத்தனை மூடிகள் வேகத்துக்குப் பின்னால் மறைந்து கிடக்கின்றனவோ என்று இப்போது யோசிக்கிறேன்.

இதில் அரசுக்குக் கூடுதலாக ஒரு கடமையும் இருக்கிறது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டம் தமிழ்நாட்டில் நடந்த மிக நல்ல காரியங்களில் ஒன்று, அதை நான் மனதார நம்புகிறேன். எத்தனை பெண் பிள்ளைகள் அந்த சைக்கிளால் பிளஸ் டூ முடித்தார்கள்! பதினாறு வயதுப் பிள்ளை கையில் சைக்கிளைக் கொடுத்து நால்வழிச் சாலையில் இறக்கிவிடுகிறவர்கள், அது ஓட மூன்றடி இடமும் கொடுத்தாக வேண்டும். சைக்கிள் தடம் எப்படி அமைக்க வேண்டும் என்று நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-லேயே வழிகாட்டு விதி எழுதிவிட்டது.

சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவரும் இதே கோவைக்காரர்தான், எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்கில்தான் 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. முறிந்து வந்த எலும்புகளை ஒட்டிக்கொண்டே இருந்த ஒருவர், அவை எங்கே முறிகின்றன என்று கேட்கப் போயிருக்கிறார்.

நான் செய்தது சின்ன வேலை. மூடியைப் படமெடுத்து, ஆழத்துக்கு ஸ்கேல் வைத்து இன்னொரு படமெடுத்து, திங்கட்கிழமை மனுநாளில் போய்க் கொடுத்து ரசீது வாங்கி வந்தேன். மூன்றாவது வாரம் சிமென்ட் போட்டு மூடியை ரோட்டு மட்டத்துக்கு உயர்த்திவிட்டார்கள். அண்ணனுக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் நாள் இருக்கிறது. அவர் வருகிற வழியில் அதே மாதிரி இன்னும் நான்கு மூடிகளை எண்ணி வைத்திருக்கிறேன், வரும் திங்கட்கிழமை அவற்றின் படங்களோடு போகிறேன்.